இறந்தவருக்குப் பெயர் உண்டு

1858-ல் சென்னையில் ஒரு புகைப்படத் தொகுதி வெளியானது. இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் காட்டும் தொகுதி அது. படங்களை எடுத்தவர் அரசின் புகைப்படக்காரராக இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி லின்னேயஸ் டிரைப். இராயக்கோட்டை 1791-ல் திப்புவின் ஆட்களிடமிருந்து கம்பெனி பிடித்த கோட்டை. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகாலும் சேலமும் நாமக்கல்லும் கம்பெனியின் கைக்கு வந்தன. அந்தச் சண்டைகளில் மாண்டவர்களை டிரைப்பின் கேமரா காட்டியிருக்க முடியாது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிப்போயிருந்தன. போர் நடந்த மலை, பார்த்து ரசிக்கத்தக்க இடமாக மட்டும் அச்சேறியது.

அதே 1858-ல் லக்னோவில் இன்னொருவர் கேமராவை நிறுத்தினார். பெயர் ஃபெலிச்சே பியாட்டோ. முந்தைய நவம்பரில் சிக்கந்தர் பாக் என்ற மதில் சூழ்ந்த தோட்டத்துக்குள் ஆங்கிலேயரின் படை புகுந்து, உள்ளே சிக்கிக்கொண்ட, கிளர்ச்சியில் இறங்கிய இந்தியச் சிப்பாய்களில் ஏறக்குறைய 2,000 பேரைக் கொன்று குவித்திருந்தது. சில மாதம் கழித்து பியாட்டோ அங்கே போனார். அவர் எடுத்த படத்தில் குண்டடி பட்ட மாளிகை இருக்கிறது, ஒரு குதிரை இருக்கிறது, சும்மா நிற்கும் சில மனிதர்கள் இருக்கிறார்கள். முன்தரை முழுக்க எலும்பும் மண்டையோடுமாகக் கிடக்கிறது. பிணங்களை மூடிவிட்டிருந்தார்கள் என்றும், படம் எடுத்தே ஆக வேண்டும் என்று பியாட்டோ பிடிவாதம் பிடித்து அவற்றைத் திறக்கச் செய்தார் என்றும் அங்கே அதிகாரியாக இருந்த ஜார்ஜ் கேம்பெல் பிற்காலத்தில் தன் நினைவுகளில் எழுதிவைத்தார்.

போரில் மாண்டவர்களின் உடலைக் காட்டும் உலகின் மிகப் பழைய புகைப்படங்களில் ஒன்று இது. அந்த முதல் வரிசையிலேயே கிடப்பவர்கள் நம் நாட்டுச் சிப்பாய்கள். அவர்களில் ஒருவருடைய பெயரும் அந்தப் படத்தோடு வரவில்லை. எரிக்கவும் இல்லை, முறையாகப் புதைக்கவும் இல்லை. மூடியதையும் விலக்கி வெயிலில் வைத்து விலைக்கு விற்றார்கள். கலைத்திறன், வரலாற்று மதிப்பு என்று எத்தனை சொன்னாலும் அது அவமதிப்புதான். நூற்றைம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன என்பதால் அந்தக் குற்றம் இளைத்துவிடாது.

பியாட்டோ இத்தோடு நிற்கவில்லை. 1860-ல் சீனாவின் தாக்கு கோட்டையை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பிடித்தபோது அவரும் உடன் போனார். சென்னைப் படையின் பொறியியல் பிரிவான சாப்பர்களும் அந்தப் படையெடுப்பில் இருந்தார்கள். கோட்டைக்குள் சீன வீரர்கள் விழுந்து கிடந்த கோலத்தை ‘அழகு’ என்று வியந்து, தான் படம் எடுத்து முடிக்கும்வரை எவரும் தொடக்கூடாது என்று பியாட்டோ பதறியதை, ரென்னி என்ற ராணுவ மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். படங்களில் சீனர்களின் உடல்கள் மட்டுமே கிடக்கின்றன. அதே சண்டையில் ஆங்கிலேயரும் மாண்டார்கள். அவர்களை எடுத்துக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டார்கள்.

இந்தக் கொடுமைக்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அன்றைய கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயும் முன் படம் எடுத்து, உடனே கழுவியாக வேண்டும். ஒளி பதிய பல நொடிகள் ஆகும். ஓடுகிறவன், சுடுகிறவன், விழுகிறவன் எவனும் அதில் பதிய மாட்டான், புகைமூட்டமாகக் கரைந்துவிடுவான். அசையாமல் இருப்பது கட்டடமும் பிணமும்தான். அதனால் போர் என்றால் இடிந்த சுவரும் கிடக்கும் உடலும் என்று பார்வையாளர் பழகினார்கள். கொல்கிற கை படத்துக்கு வெளியே தங்கிவிட்டது. கொன்றது யார், ஏன் கொன்றார்கள் என்ற கேள்விக்கே இடமில்லாமல், புயலோ வெள்ளமோ அடித்துப் போட்டதுபோல உடல்கள் கிடந்தன. போர்ச்சாவு பற்றிய பொதுப் புத்தியை இது கெடுத்த அளவுக்கு வேறெதுவும் கெடுக்கவில்லை என்பது நம் கருத்து.

மேற்கே நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1855-ல் கிரீமியப் போருக்குப் போன ரோஜர் ஃபென்டன் பிணங்களையே காட்டவில்லை. அவருடைய பெயர்பெற்ற படம் பீரங்கிக் குண்டுகள் சிதறிய வெற்றுப் பள்ளத்தாக்கு. அதிலும் இரண்டு படங்கள் உண்டு: ஒன்றில் பாதை மேல் குண்டுகள் இல்லை, மற்றதில் இருக்கின்றன. 1862-ல் நியூயார்க்கில் மாத்யூ பிரேடி தன் கூடத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஆன்டீட்டம் களத்து உடல்களின் படங்களை மாட்டியபோது மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். போர்ச்சாவு வீட்டு வாசலுக்கு வந்த நாள் என்று அதைப் புகழ்கிறவர்கள் உண்டு. அந்தப் படங்களில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் எதிர்த்தரப்பான தெற்கத்தி வீரர்கள் என்பதை அவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. அந்தப் படங்களை எடுத்த அலெக்சாண்டர் கார்ட்னர், அடுத்த ஆண்டு கெட்டிஸ்பர்க்கில் ஒரு வீரனின் உடலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாறை இடுக்கில் கிடத்தி, துப்பாக்கியைச் சார்த்திவைத்துப் படம் எடுத்தார் என்பது நூறாண்டுக்குப் பிறகே நிறுவப்பட்டது. இரண்டாம் உலகப்போரில்கூட, மடிந்து கிடக்கும் அமெரிக்கச் சிப்பாய்களின் படத்தை லைஃப் இதழ் அச்சிட 1943 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தன் பிள்ளையின் உடலை மூடு, எதிரியின் உடலைத் திற என்பதே ஆரம்பம் தொட்டு நடப்பில் இருந்த விதி.

இனி நம் சேலம் மாவட்டத்துக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தை இங்கே தாது வருஷப் பஞ்சம் என்றே இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். நாமக்கல், திருச்செங்கோடு, ஆத்தூர், தருமபுரி எல்லாம் உள்ளடங்கிய அன்றைய சேலம் மாவட்டம் மிக மோசமாக அடிபட்டவற்றில் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 19.7 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1881-ல் 16 லட்சத்துக்கு இறங்கியது. பத்து ஆண்டில் பிறந்தவர்களையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும் இத்தனை குறைவு. எத்தனை வீடுகள் அடியோடு அணைந்திருக்கும் என்பதை இந்த எண்ணிக்கையே சொல்லும்.

அந்தப் பஞ்சத்தைப் படம் எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர், சென்னைக் குதிரைப்படை அதிகாரி. விலா எலும்பு எண்ணும்படி வற்றிய ஆணும் பெண்ணும் குழந்தையும் அவர் கேமரா முன் குழுக்குழுவாக உட்கார வைக்கப்பட்டிருக்கிறார்கள். சிலருக்கு உட்காரவும் தெம்பில்லை, சாய்த்து வைத்திருக்கிறார்கள். நிவாரணத்துக்குத் தகுந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் என்பதுபோன்ற தலைப்புகள் அவற்றுக்கு. பட்டினி கிடந்தவர்களை அழைத்துப் படம் பிடித்துவிட்டுச் சோறு போடாமல் அனுப்பினார் என்ற பழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தப் பழியை நாம் சாட்சியாக எடுக்கவில்லை. படங்களே போதும். ஒரு தாயின் பெயர் இல்லை, ஊர் இல்லை, என்ன வேலை செய்து பிழைத்தாள் என்பது இல்லை. தானியம் ரயிலேறி வெளியே போய்க்கொண்டிருந்த காலம் அது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலியை வெட்டிய காலம் அது. இவை எதுவும் அந்தப் படச்சட்டத்துக்குள் இல்லை. இங்கேயும் கொன்ற கை வெளியே நின்றுகொண்டது.

1877 ஆகஸ்டில் லண்டன் மேயர் திறந்த பஞ்ச நிதிக்குப் பணம் சேர்ந்தது உண்மை. இத்தகைய படங்களும் அவற்றைப் பார்த்துச் செதுக்கிய சித்திரங்களும் அங்கே சிலருடைய மனத்தை இளக்கியிருக்கலாம். அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. பசித்தவனின் உடலைக் காட்டி வாங்கிய பணம் பசித்தவனுக்கே வந்தவரை அது நியாயம். ஆனால் அந்தப் படங்கள் ஆல்பங்களில் ஒட்டப்பட்டு, ஐரோப்பிய வீடுகளின் வரவேற்பறைகளில் கோயில் கோபுரப் படத்துக்கும் புலிவேட்டைப் படத்துக்கும் நடுவே புரட்டப்பட்டதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

ஹூப்பர் கற்ற பாடம் அவரை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோனது. 1885 நவம்பரில் பர்மிய மன்னர் தீபா நாடு கடத்தப்பட்டார். பர்மாவைப் பிடித்த ஆங்கிலேயப் படையில் சென்னைப் படைப்பிரிவுகளும் இருந்தன. மாண்டலேயில் ராணுவக் காவல் தலைவராக ஹூப்பர் பொறுப்பேற்றார். 1886 ஜனவரியில் ‘கொள்ளையர்’ என்று முத்திரை குத்தப்பட்ட பர்மியர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அப்போது ஹூப்பர் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டார் என்றும், குண்டு பாயும் கணமும் தகடு திறக்கும் கணமும் ஒன்றாக அமையும்படி சுடும் உத்தரவைத் தாமதப்படுத்தினார் என்றும் லண்டன் டைம்ஸின் நிருபர் மொய்லன் தந்தியடித்தார். துப்பாக்கி முன் ஒருவரை நிறுத்தி மிரட்டி வாக்குமூலம் வாங்கினார் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. இந்திய அமைச்சர் ராண்டால்ஃப் சர்ச்சில் விளக்கம் கேட்டார். விசாரணை நடந்தது. முடிவில் ஹூப்பருக்குக் கண்டனமும் சிறிது காலச் சம்பளக் குறைப்பும் கிடைத்தன. மறு ஆண்டே அவருடைய நூறு பர்மியப் படங்கள் கொண்ட ஆல்பம் வெளிவந்தது.

1858-ல் பிணத்துக்காகக் காத்திருந்த கேமரா இருபத்தெட்டு ஆண்டில் பிணம் விழும் கணத்தைக் கேட்டு வாங்கும் நிலைக்கு வந்துவிட்டது. இடையில் உலர்தகடு புழக்கத்துக்கு வந்து, நொடிக்குள் படம் பதிய வழி பிறந்திருந்தது. கருவி கூர்மையானபோது மனம் மழுங்கியது. லண்டனில் எழுந்த கோபமும் எங்கே போய் நின்றது என்று கவனிக்க வேண்டும். சாகப்போகிறவனைச் சில நொடி கூடுதலாகக் காக்கவைத்தது அநாகரிகம் என்றார்கள். அந்த மனிதர்கள் யார், தங்கள் நாட்டைப் பிடித்தவனை எதிர்த்ததைத் தவிர என்ன செய்தார்கள், எந்த நீதிமன்றம் விசாரித்தது என்று கேட்ட குரல் அதில் அமுங்கிப்போனது. புகைப்படக்காரர் மேல் பழி போட்டதால், சுட்டுத் தள்ளிய ஆட்சி தப்பியது. நம் சங்ககிரிக் கோட்டையில் 1805-ல் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையைக் கம்பெனியும் கலகக்காரராகத்தான் பார்த்தது. அன்று கேமரா இருந்திருந்தால் அவர் உடலுக்கு என்ன தலைப்பு எழுதியிருப்பார்கள் என்பதை மாண்டலேப் படங்களின் கீழே படித்துக்கொள்ளலாம்.

இந்த மண்ணுக்குப் போர்ச்சாவைக் காட்டத் தெரியாமல் இல்லை. 1965 வரை சேலத்தோடு சேர்ந்திருந்த தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் எத்தனை நடுகற்கள்! தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கின்றன. கையில் வில்லும் வாளும், உடம்பில் தைத்த அம்புகளும், மேலே வட்டெழுத்தில் நாலைந்து வரியுமாக இருக்கும். எந்த மன்னனின் எத்தனையாம் ஆண்டு, எந்த ஊர், எவருடைய சேவகன், எந்தத் தொறுவை (மாட்டு மந்தையை) மீட்கப் போய்ப் பட்டான், அவன் பெயர் என்ன என்று கல் சொல்லும். கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு நிலை வகுத்து வைத்தது தொல்காப்பியம். எழுத்து தேய்ந்து பெயர் மறைந்த பிறகும் மக்கள் விடவில்லை. வேடியப்பன் என்று ஒரு பொதுப் பெயர் வைத்து, பொங்கல் வைத்து, கிடா வெட்டிக் கும்பிடுகிறார்கள். நடுகல்லும் போரைப் பெருமைப்படுத்துகிறது; அதில் எதிரியின் பெயர் இருப்பதில்லை. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விழுந்தவனை அது அநாதையாக விடவில்லை.

புகைப்படம் வந்த பிறகும் நம் வீடுகள் இந்தப் பழக்கத்தைக் கைவிடவில்லை. ஒரு தலைமுறைக்கு முன்புவரை, சாவு விழுந்த வீட்டில் ஸ்டுடியோக்காரரை வரவழைத்து, மாலை போட்டு நாற்காலியில் உட்காரவைத்த உடலைச் சுற்றிப் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் நிற்கப் படம் எடுத்தார்கள். எத்தனையோ குடும்பங்களில் பாட்டிக்கு இருக்கும் ஒரே படம் அதுதான். இன்று சேலம் ஐந்து ரோட்டிலிருந்து நாமக்கல் கடைவீதி வரை சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் உயிரோடிருந்தபோது எடுத்த முகம் இருக்கிறது. பெயர், தோற்றம், மறைவு, இழந்து வாடும் உறவுகளின் பட்டியல் எல்லாம் இருக்கின்றன. இறந்தவரைப் படம் எடுப்பதிலேயே தவறு இல்லை என்பதற்கு இவையே சான்று. அந்தக் கேமராவை அழைத்தது குடும்பம். சிக்கந்தர் பாக்கில் எவரும் அழைக்கவில்லை.

பெயரற்ற உடல் என்ற பழக்கம் படத்தோடு நிற்கவில்லை, கல்லுக்கும் ஏறியது. முதல் உலகப்போரில் 74,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் மாண்டார்கள். மெசபடோமியாவில் விழுந்தவர்களுக்காக பஸ்ராவில் எழுப்பிய நினைவுச்சின்னத்தில் ஆங்கிலேயச் சிப்பாய்களின் பெயர் பொறிக்கப்பட்டது. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். சாதாரணச் சிப்பாய்கள் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக நின்றார்கள். சென்னை சாப்பர்கள் அந்தப் போர்முனையில் இருந்தார்கள். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021-ல் தன் அறிக்கையில் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு ஆண்டு தாமதம்.

நம் காலத்தில், ஈழப் போரின் முடிவில், முள்ளிவாய்க்கால் வந்தது. 2009-ல் கொன்ற இலங்கைப் படையினரே தங்கள் செல்போன்களில் வெற்றிச் சின்னமாக எடுத்துவைத்த படங்கள் பின்னர் சானல் 4 வழியாக வெளியே வந்து, அவர்களுக்கு எதிரான சாட்சிகளாக மாறின. குவியல் குவியலாக உடல்களைக் காட்டிய படங்களைத் தமிழ்நாடு ஆண்டுக்கணக்கில் பார்த்தது, அழுதது, பழகியும் போனது. 2013 பிப்ரவரியில் வந்த ஒரு படம்தான் கல்லூரிகளை வீதிக்கு இறக்கியது. அதில் விடுதலைப் புலிகள் தலைவரின் 12 வயது மகன் பாலச்சந்திரன் பதுங்கு குழியில் உட்கார்ந்து தின்பண்டம் தின்றுகொண்டிருக்கிறான். அடுத்த படத்தில் நெஞ்சில் குண்டு. அவனுக்குப் பெயர் தெரிந்தது, வயது தெரிந்தது, உயிரோடு ஒரு முகம் இருந்தது, கொல்லும் முடிவை எடுத்தவர்கள் அந்தக் குழிக்கு வெளியே நின்றார்கள் என்பதும் புரிந்தது. அடுத்த மாதம் மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள்.

அதனால்தான் இந்தப் படங்களை அழித்துவிட வேண்டும் என்று நாம் சொல்ல மாட்டோம். சிக்கந்தர் பாக் படம் இல்லையென்றால் அங்கே நடந்த வெறியாட்டத்துக்குக் கண்ணால் கண்ட சாட்சி குறைந்திருக்கும். ஹூப்பரின் படங்கள் இல்லையென்றால் தாது வருஷம் வெறும் எண்ணாக மட்டும் மிஞ்சியிருக்கும். படம் இருக்கட்டும். அதை எடுத்தவன் எதற்காக எடுத்தான், எவரைக் கேட்காமல் எடுத்தான், எதைப் படச்சட்டத்துக்கு வெளியே விட்டான் என்பதும் அதன் கீழேயே இருக்கட்டும்.

இன்று கண்ணாடித் தகடு நம் சட்டைப் பையில் இருக்கிறது. சேலம், நாமக்கல் சாலையில் லாரி மோதினால் ஆம்புலன்ஸ் வருவதற்கு முன் உடல் வாட்ஸ்ஆப் குழுக்களுக்குப் போய்ச் சேர்கிறது. மனைவிக்குத் தெரிவதற்கு முன் பக்கத்து ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. 2025 மே மாதம் பாகிஸ்தான் எல்லையில் மோதல் நடந்த நாட்களில் வேறு நாட்டுப் பழைய காணொளிகளும் வீடியோ விளையாட்டுக் காட்சிகளும் போர்க்களக் காட்சிகளாக வலம் வந்தன. நம் ஊர்க்காரர்களும் கைதட்டும் குறியோடு அவற்றை அனுப்பினார்கள். காஸாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வரும் பெயரில்லாத குழந்தைகளின் உடல்களைக் காலைத் தேநீரோடு தள்ளிவிட்டுப் போகிறோம். பியாட்டோவைப் பழிக்கும் உரிமை நமக்கு வேண்டுமானால், நம் விரல் செய்வதையும் அதே தராசில் வைத்தாக வேண்டும். யார், எங்கே, எப்போது என்று தெரியாத ஓர் உடலின் படத்தை அனுப்புவது பாவம். சாவைக் கொண்டாடி அனுப்புவது அதைவிடப் பெரிய பாவம். தேசபக்தி, இனப்பற்று, அனுதாபம் எதுவும் இதற்குச் சாக்காகாது.

கேட்க வேண்டியவர்களிடம் கேட்கிறோம். தமிழக அரசின் தொல்லியல், அருங்காட்சியகத் துறைகள் டிரைப்பின் சேலம் மாவட்டப் படங்களுக்கும் ஹூப்பரின் பஞ்சப் படங்களுக்கும் வெளிநாட்டு நூலகங்களிடம் நகல் கேட்டுப் பெற வேண்டும். பெற்று, சேலம் அரசு அருங்காட்சியகத்தில் 1871, 1881 கணக்கெடுப்புகளுக்கும் அன்றைய கூலி விகிதத்துக்கும் பக்கத்தில் வைக்க வேண்டும். ‘கொள்ளையர்’ போன்ற அன்றைய தலைப்புகளை அழிக்காமல் வைத்து, அவை யாருடைய சொற்கள் என்று தமிழில் எழுத வேண்டும். மாவட்ட நாளிதழ்கள் விபத்திலும் மோதலிலும் இறந்தவரின் உடலைக் குடும்பத்தின் சம்மதமின்றி அச்சிடுவதை இன்றே நிறுத்த வேண்டும். உயிரோடிருந்த முகத்தைக் குடும்பத்திடம் கேட்டு வாங்க ஒரு நிருபர் அரை நாள் அலைந்தால் தவறில்லை. உலகப்போர்களுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைத் தாலுகா வாரியாகத் திரட்டும் வேலையை முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களும் கல்லூரி வரலாற்றுத் துறைகளும் சேர்ந்து தொடங்கலாம். போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவேடுகள் இணையத்தில் திறந்தே இருக்கின்றன. சிப்பாயின் தகப்பன் பெயரும் ஊரும் தாலுகாவும் பல பதிவுகளில் உண்டு. ஊர்ப்பெயரை ஆங்கிலேயக் குமாஸ்தா எழுதிய விதத்தில் அடையாளம் காண்பதுதான் சிரமம், அது நம் பிள்ளைகளால் முடியும்.